ஞாயிறுதோறும் கோபத்தோடு வந்தவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையொன்றில் சரித்திரம் படிப்பித்த நான், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான் மோர்மன் சபையில் ஞானஸ்நானமும் பெற்றேன்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் முகத்தில் வருகிற மாற்றம் எனக்குப் பழகிவிட்டது. நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். மற்றச் சபைகள் மோர்மன்களைக் கிறிஸ்தவர்களாகவே ஒத்துக்கொள்வதில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் அந்தச் சபைப் பெண்கள் ஹீட்டரும் போர்வையும் கொண்டுவந்து தந்தார்கள், அதற்காகத்தான் இவள் மாறிவிட்டாள் என்று என் அண்ணன் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஹீட்டர் தந்தது உண்மை. மாறியது அதற்காக இல்லை. படித்தேன், கேள்வி கேட்டேன், பல மாதங்கள் ஜெபித்தேன். கிடைத்த பதில் எனக்குப் போதுமாக இருந்தது. தேத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாத சமயத்தில் என்னத்தைக் கண்டாய் என்று கேட்டு வந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் சபை மண்டபத்துக்கு ஆண்டு நிறைவு விழா வந்தது. அதன் சரித்திரத்தை ஒரு சிறு புத்தகமாக எழுதித் தரும்படி பிஷப் என்னைக் கேட்டார். மோர்மன் சபையில் சம்பளத்துக்குப் போதகர் கிடையாது. எங்கள் பிஷப் வாரநாட்களில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். நாங்கள் வீடு மாறியபோது குளிர்சாதனப் பெட்டியைத் தானே தோளில் சுமந்து ஏற்றியவர். "நீங்கள் சரித்திர டீச்சர் எல்லோ" என்று அவர் சொன்னதில் நான் உருகிப்போனேன். அந்த ஊரில் யாரும் என்னை டீச்சர் என்று சொல்லி வெகுகாலம். (சபையில் எல்லோரும் கதைத்தது ஆங்கிலத்தில்தான். நான் என் தமிழில் சொல்கிறேன்.)

ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பழைய அங்கத்தவர்களின் வீடுகளுக்குப் போனேன். அப்படித்தான் ஹில்ஸ்பரோவில், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி இனத்து விதவை அம்மா ஒருவரைச் சந்தித்தேன். அவரும் கணவருமாக அந்த மண்டபத்துக்குக் கல் அடுக்கியவர்கள். கணவரின் தாத்தா மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கறுப்பின மாலுமி. அந்த ஒரே காரணத்துக்காகக் கணவருக்குக் குருத்துவம் கொடுக்கப்படவில்லை.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒழுங்காக நடக்கும் ஆண்கள் எல்லோருக்கும் குருத்துவம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன்கள்கூட எழுந்து நின்று, நற்கருணை அப்பத் தட்டை வரிசை வரிசையாக நீட்டுவார்கள். ஆபிரிக்க வம்சத்து ஆண்களுக்கு மட்டும் அது அந்நாளில் மறுக்கப்பட்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னதாக அந்த மனிதர் இறந்துவிட்டார். தான் கட்டிய மண்டபத்திலேயே, பையன்கள் நீட்டிய தட்டிலிருந்து அப்பம் எடுப்பவராகவே அவருடைய காலம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவை கறுத்த கைகள். இந்தியா, இலங்கைக்காரருக்கு அந்த விதி பொருந்தவில்லை என்று படித்திருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

எழுதினேன். எழுதியதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போனேன். "அவர் எல்லாவற்றையும் பொறுமையோடு ஏற்றுக்கொண்டார்" என்று வாசித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொறுமையோ? ஆர் உனக்குச் சொன்னது? ஒவ்வொரு ஞாயிறும் கோபத்தோடதான் வெளிக்கிடுவார். கார்க் கதவை அடிச்சுச் சாத்துவார். கோயிலுக்குள்ள ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்கமாட்டார். ஆனா ஒரு ஞாயிறும் வராமல் விட்டதில்லை. கோபத்தை எழுதாட்டி நீ என்ர மனுசனை எழுதேல்லை, பிள்ளை."

பொறுமை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விசுவாசிகள் வாசிக்க இதமாக இருக்கட்டும் என்று நானாகவே பூசிய மெழுகு அது. என் மாணவி ஒருத்தி அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். அங்கேயே, அவருடைய குசினி மேசையிலேயே வெட்டினேன். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

பிஷப் அதை மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தன் சின்ன அறையில் இருந்து வாசித்தார். வாசித்து முடித்துத் தாள்களை மேசையில் வைத்தார்.

"இது உண்மைதான்," என்றார். "ஆனா விழாப் புத்தகத்தில தேவையோ? புதுசா வந்த ஆக்கள் வாசிச்சா விசுவாசம் உடைஞ்சிடும்."

"நான் புதுசா வந்த ஆள்தான். எனக்கு உடையேல்லை."

"நீங்கள் எங்கட பக்கம்தானே?"

"உங்கட பக்கம் எண்டபடியால்தான் எழுதினனான். வெளியாள் எண்டால் எனக்கென்ன, விட்டிட்டுப் போயிருப்பன்."

அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அச்சடிக்கலாம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். அதனால் மறுப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மேசையில் இருந்த தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தைச் சரித்திரம் என்று தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கதை பரவியது. அடுத்த ஞாயிறு சிலர் என்னைக் கண்டதும் குனிந்து தங்கள் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார்கள். நான் எடுத்துவந்த இளம்பெண்களின் வேதபாட வகுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகாமல் விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் முன்வரிசையில் போய் இருந்து, வழக்கத்தைவிட உரத்துப் பாடினேன். எனக்குச் சுருதி அவ்வளவாகச் சேராது. சேராத சுருதியிலேயே பாடினேன்.

செய்தி அண்ணனின் காதுக்கும் எட்டியது. அவர் தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஜெபக்கூட்டம் ஒன்றில் முக்கியமான ஆள். நெடுங்காலம் எட்டிப் பார்க்காதவர், அன்றைக்குக் கேக்கோடு வந்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ, தங்கச்சி! இப்பவாவது கண் திறந்துதே? அந்தப் பக்கத்தைத் தா. எங்கட செய்திமடலில போடுவம். அவையின்ர வண்டவாளம் எல்லாருக்கும் தெரியட்டும்."

"தரமாட்டன், அண்ணா."

"ஏன்? உண்மையைச் சொல்ல வேணும் எண்டுதானே நிக்கிறாய்?"

"ஓம். உங்களுக்கு அந்த மனுசன் வேண்டாம். எறியிறதுக்கு ஒரு கல்லு வேணும், அவ்வளவுதான்." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அப்பிடி எண்டா எங்கட ஊர்க் கோயில்ல அந்தக் காலத்தில எந்தச் சாதி ஆக்கள் வாங்கில இருந்தவை, எந்தச் சாதி ஆக்கள் நிலத்தில இருந்தவை எண்டும் எழுதித் தரட்டே? அதையும் செய்திமடலில போடுவியளோ?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். கேக் மேசையிலேயே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவளாகிவிட்டேன். அழுகை வந்தது. ஆனால் அழுது முடித்தபோது மனம் மாறவில்லை.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. பிஷப் நின்றுகொண்டிருந்தார். நேரே வேலையிலிருந்து வந்திருந்தார், சப்பாத்து முழுக்கத் தார். உள்ளே வரச் சொன்னேன், கம்பளம் பழுதாகிவிடும் என்று வாசலிலேயே நின்றார்.

ஹில்ஸ்பரோ அம்மாவிடம் போய் வந்திருக்கிறார். 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று அந்த அம்மாவே சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் போனாராம். அந்த அம்மா அவரைக் கேட்டாராம்: "அவ்வளவு கோபத்தோடயும் சாகும்வரைக்கும் வந்த மனுசனை மறைச்சுப்போட்டு, வேற ஆரைக் காட்டி நீ விசுவாசம் வளர்க்கப் போறாய்?"

அதைச் சொல்லிவிட்டுப் பிஷப் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இந்தச் சபையிலதான் வளர்ந்தனான். அவருக்குத் தட்டு நீட்டின பொடியன்களில நானும் ஒருத்தன். அவர் என்ர முகத்தைப் பார்க்கவே மாட்டார். என்னில ஏதோ பிழை எண்டு நினைச்சன். பிறகு ஏன் எண்டு விளங்கிச்சு. அதுக்குப் பிறகு அவரை நினைக்கிறதையே விட்டிட்டன்."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்தைத் தாங்கோ. முழுசா. நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கோ, என்ர பேரோட." பிறகு, "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றார்.

"எனக்கும்தான்," என்றேன்.

புத்தகம் வெளிவந்தது. விழாவில் ஒரு முதியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார். வேறு சிலர் அந்த அம்மாவைச் சுற்றி நின்று நெடுநேரம் கதைத்தார்கள். அந்தப் பக்கத்தால் யாரும் சபையை விட்டுப் போனதாக நான் அறியவில்லை. என் வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கவும் இல்லை. அண்ணன் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதைப் பற்றி என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

இன்றைக்கும் கேட்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தும் எப்படி அங்கே போகிறாய் என்று வெளியில் இருப்பவர்களும், விசுவாசி இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய் என்று உள்ளே இருப்பவர்களும். நான் நம்புகிறேன், நடந்ததையும் எழுதுவேன். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று யார் வந்து சொன்னாலும், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற துணிவு அந்த வருடம் எனக்கு வந்தது. இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.