நஸ்ஸரேனோவின் சொந்தக் குரல்

ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் இறைச்சிக்கடை வைத்திருந்த நஸ்ஸரேனோ, பதினேழு கௌபாய் படங்களில் செத்தவர். திரையில் அவர் பெயர் டெட் பார்க்கர். பதினெட்டாவது முறை, சென்ற மாதம், சொந்தப் பெயரில் செத்தார்.

கௌபாய் படத்துக்கு இத்தாலிக்காரர்கள் புத்துயிர் கொடுத்ததாக விமர்சகர்கள் எழுதினார்கள். அமெரிக்கக் கௌபாய் சலவைச் சட்டையோடு வந்து நியாயத்துக்காகச் சுடுவான். இத்தாலியக் கௌபாய் குளிக்கமாட்டான், தங்கத்துக்காகச் சுடுவான். இந்தப் புரட்சியில் நஸ்ஸரேனோவின் பங்கு, மூன்று நாள் சவரம் செய்யாமல் ஊருக்கு வெளியே கல்குவாரியில் வியர்த்து நின்றது. அழுக்கு மட்டும் சொந்தம். குதிரை வாடகை. தொப்பி வாடகை. குரலும் வாடகைதான், பின்னால் வேறொருவர் பேசிச் சேர்த்தார்.

மகள் எர்சிலியா ஒலிப்பதிவுப் பொறியாளர். ஊரார் குரலையெல்லாம் இருபது ஆண்டுகள் பத்திரப்படுத்தியவளிடம் அப்பாவின் குரல் ஒரு விநாடிகூட இல்லை.

ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. பின்னால் குரல் கொடுப்பவர்கள் உதட்டசைவைப் பிடிக்க, படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதை மட்டமாக ஓர் ஒலிநாடாவில் பதிவார்கள். வேலை முடிந்ததும் அதன்மேலேயே அடுத்த படம் ஏறிவிடும். அந்தப் படங்களுக்குக் குரல் சேர்த்ததும் அவள் இப்போது வேலை பார்க்கும் ஒலிக்கூடத்தில்தான்; அதன் நிலவறையில் பதினொரு நாள் தேடினாள். ஒன்று அழியாமல் கிடைத்தது.

அப்பாவுக்குக் குரல் கொடுத்த கிழவர் ஓரெஸ்தே சிரித்தார். "ஏம்மா, அதுல என்ன இருக்கப்போகுது? வசனம் எவன் மனப்பாடம் பண்ணான்? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு வாய அசைப்பானுங்க. உங்கப்பன் மூஞ்சிக்கு எவன் பயந்தான்? எல்லாம் என் தொண்டைக்குத்தாம்மா!"

நாடாவை அம்மா செத்திமியாவிடம் எடுத்துப்போய் ஓட்டினாள். கதாநாயகன் நெற்றியில் துப்பாக்கியை வைத்து அப்பா மிரட்டும் காட்சி. காற்று. குதிரைக் கனைப்பு. பிறகு அப்பாவின் கர்ஜனை:

"சின்யோரா, இன்னிக்கு ஈரல் வேணாம்! நேத்து வந்தது! புதன்கிழம வாங்க, நல்லதா எடுத்து வெக்கிறேன்!"

"அடேங்கப்பா, ரத்தம் உறையுதுய்யா!" இயக்குநரின் குரல். "அடுத்த காட்சி!"

ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. கடைக்கு வரும் அம்மாக்களிடம் பேசுவதைப் பேசியிருக்கிறார்.

செத்திமியா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. பிறகு கையை எடுத்தாள்.

"நேத்து வந்த ஈரலா? நம்ம கடையிலயா? அத்தன பேர் முன்னாடி கடை மானத்த வாங்கியிருக்காரு பாரு, இந்த மனுஷன்!"

எர்சிலியா நாடாவை நிறுத்தினாள்.

"ஏன்டி நிறுத்துன? திரும்பப் போடு. நான் இன்னும் திட்டி முடிக்கல."