கடலடியில் ஒரு 'இன்னா?'

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் மட்டும் அது கடக்கவில்லை. சமையலறையில் மையம் கொண்டிருந்தது.

காரணம், பாப்பாவின் காது. வயது மூன்றாகிறது, இன்னும் குத்தவில்லை. குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன், அதாவது என் மனைவி மல்லிகாவின் தம்பி ஏழுமலை, சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் மேனாம்பேட்டில் இருக்கிறான். ஆனால் அவனும் நானும் போன பொங்கலிலிருந்து பேசுவதில்லை.

என்ன சண்டை என்று கேட்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள்.

பொங்கலன்று நான் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மல்லிகா "வருது... வருது..." என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஏழுமலை பொங்கல் சீர்த் தட்டோடு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். டி.வி.யில் படம் மறைந்து, "போச்சு" என்றாள் மல்லிகா. நான் அவன் முகத்தைப் பார்த்தபடியே, "அடச்சே, போச்சுடா!" என்றேன்.

அவ்வளவுதான். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். சீரோடு வந்தவனை 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். 'போ' என்றேனாம். நான் சொன்னது டி.வி.யை என்று யார் போய்ச் சொல்வது? நான் ஏன் போக வேண்டும்? மச்சான் இறங்கி வரட்டும் என்று நான். மாமா வந்து கூப்பிடட்டும் என்று அவன். நடுவில் மல்லிகா. "எந்தம்பி மடி இல்லாம பாப்பா காதுல ஊசி பட உடமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். சில ராத்திரிகளில் அழுதுகொண்டே தூங்கிப்போவாள். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் என் மேல் தப்பில்லை... இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு செல்வின் வருகிறார். தூத்துக்குடிக்காரர். கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் ஃபேக்டரி தீயணைப்புப் பிரிவில் இருக்கிறார். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அறுந்துபோன நங்கூரங்களை எடுத்துத் தர வேண்டும் அல்லவா? முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவார். என்னையும் ஒருநாள் கூட்டிப்போங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். கிளப் நீச்சல் குளத்தில் எனக்கு மூச்சுவிடவும் கைஜாடை பேசவும் கற்றுக்கொடுத்திருந்தார்.

அதே மனிதர் மேனாம்பேட்டு வயல் கிணற்றில் இன்னொருவனுக்கும் அதையே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மல்லிகாவின் ஏற்பாடு!

கடல் அடங்கிய ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டுக் கரைக்குப் போனால், படகு நிழலில் ஏழுமலை உட்கார்ந்திருக்கிறான். நான் வடக்கே பார்த்தேன். அவன் தெற்கே பார்த்தான்.

"அண்ணாத்தே, அவரு வர்றாருன்னா நா வர்ல" என்றான் செல்வினிடம்.

"நானும்தான்" என்றேன், நானும் செல்வினிடம்.

செல்வின் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடலுக்குள்ள யாரும் யார்கூடயும் பேச முடியாது, அண்ணாச்சி. உங்க ரெண்டு பேருக்கும் அதான வேணும்? ஏறுங்க."

ஏறினோம்.

ஏரித் தண்ணீர் கடலில் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டி மீனவர்கள் படகை நிறுத்தினார்கள். கடல் கடலாகவே இல்லை. மழைத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது, கண்ணுக்கு எட்டிய வரை டீ நிறம். இதற்குள் இறங்கி எதைப் பார்ப்பது? செல்வின் நங்கூரக் கயிற்றைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. காதுக்குள் என் மூச்சு மட்டும்... உள்ளே, வெளியே... உள்ளே, வெளியே... பிறகு, திடீரென்று, கலங்கல் முடிந்துவிட்டது.

எப்படிச் சொல்வேன்? மழைத் தண்ணீர் லேசானதாம், மேலேயே மிதக்குமாம். உப்புத் தண்ணீர் கீழே தெளிவாக இருக்குமாம். செல்வின் பிறகு சொன்னார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தலைக்கு மேலே பழுப்புக் கூரை, அதன் வழியாகக் கசியும் வெளிச்சம், கீழே பச்சைக் கண்ணாடியாக ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்தில் நான் நடக்காமல் போய்க்கொண்டிருந்தேன். எடை இல்லை. அவசரம் இல்லை. ஷிஃப்ட் சங்கு இல்லை.

மணலில் ஒரு தென்னை மரம் கிடந்தது. எந்தத் தோப்பிலிருந்து புயல் பிடுங்கி வந்ததோ... வேரோடு, குலையோடு, முழு மரம். ஓலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. நீரோட்டத்தில் அவை மெதுவாக அசைந்தன, மாலைக் காற்றில் அசைவது மாதிரியே. ஓலைகளுக்கு நடுவே பொடி மீன்கள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டு, வெள்ளியாக மின்னிக்கொண்டு... புயல் வந்துபோனது இவற்றுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் மறந்திருக்கும். மேலே நாங்கள்தான் எதையும் மறப்பதில்லை.

நான் மரத்தின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஓலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மீன் வந்து என் விரலை மோந்துபார்த்துவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மாஸ்க்குக்குள் கண் ஏன் கலங்கியது என்றும் தெரியாது. சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

அப்போது எனக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது.

ஏழுமலை! கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அசையாமல் கிடந்த என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறான். ஐந்து விரலையும் விரித்தான். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். டீக்கடை வாசலில், பஸ் ஜன்னலில், தியேட்டர் கியூவில் நம்மூரில் ஆளாளுக்குச் செய்கிற அதே திருப்பல். அதாவது... "இன்னா?"

பொங்கலுக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? நானும் விரல்களை விரித்தேன். அதே மாதிரி திருப்பினேன். "ஒன்னும் இல்லை." நம்மூரில் கேள்விக்கும் அதே கைதான், பதிலுக்கும் அதே கைதான். அவன் மறுபடியும் திருப்பினான்: "நெஜமாவா?" நான் மறுபடியும் திருப்பினேன்: "ஒன்னும் இல்லடா!" அந்தப் பச்சை வெளிச்சத்தில் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தோம். எனக்கு அதை நிறுத்த மனசே வரவில்லை.

எங்கிருந்தோ செல்வின் பாய்ந்து வந்தார். அவன் சிலிண்டர்ப் பட்டையை ஒரு கையிலும் என் பட்டையை ஒரு கையிலும் பிடித்து, மேலே தூக்க ஆரம்பித்தார். பச்சை போனது. மீன்கள் போயின. டீ நிறம் வந்தது. தலை வெளியே வந்ததும் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினார்:

"யாருக்குக் கோளாறு? காத்து வரலையா? ரெண்டு பேருக்குமா?"

"எனுக்கு ஒன்னும் இல்ல அண்ணாத்தே" என்றான் ஏழுமலை. "மாமா அசையாம கீறாரேன்னு இன்னான்னு கேட்டேன்."

"நான் ஒன்னும் இல்லைன்னு சொன்னேன்" என்றேன்.

செல்வின் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார். "கைய விரிச்சு ஆட்டுனா 'எனக்குக் கோளாறு, காப்பாத்து'ன்னு அர்த்தம். உங்களுக்குக் குளத்துல சொன்னேன், இவருக்குக் கெணத்துல சொன்னேன். ஒருத்தரு கேள்வி கேக்கீரு, ஒருத்தரு பதில் சொல்லுதீரு... இத கரையில வச்சுப் பேசக் கூடாதாவே?"

மூன்று தலைகள் மட்டும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் என்னை 'மாமா' என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மச்சான்... பாப்பாவுக்குக் காது குத்தணும்" என்றேன்.

"மடி ரெடியாத்தான் கீது மாமா. நீதான் வந்து கூப்புடல."

"இப்பதான் கூப்பிடுறேனே."

"கடல்ல கூப்ட்டா செல்லாது. தட்டு வெச்சு, ஊட்டுக்கு வந்து கூப்புடு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கிறான் என்று நன்றாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே வெற்றிலைப் பாக்குத் தட்டோடு மேனாம்பேட்டுக்குப் போனோம். தலையில் உப்பு இன்னும் போகவில்லை, குளிக்கக்கூட மல்லிகா விடவில்லை. தை பிறந்ததும் காது குத்து.

செல்வின் அன்றைக்கு ஜாடையைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஏழுமலை இன்னும் கிண்டல் செய்கிறான். எனக்கென்னவோ அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று தோன்றுகிறது. கோளாறு, இரண்டு பேருக்கும்தானே இருந்தது?