கூடையின் அடியில் இருந்த மனு

பாகாலாவில் ரயில் மாறக் காத்திருந்தபோது முனிரத்தினம் அண்ணன் இறந்த செய்தி கிடைத்தது. பழைய மண்டிக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "வாத்தியாரே, முனிரத்தினம் நேத்து பூட்டாரு" என்றார். ஏறவேண்டிய வண்டியை விட்டுவிட்டேன். அழுதேனா என்றால், இல்லை.

அவரோடு பூப்பந்து ஆடிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? நம் பக்கத்தில் சம்பளம் வாங்கி ஆடிய முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். நான் ஓரமாக உட்கார்ந்து புள்ளி எழுதியவன். திருப்பதியில் ஓர் ஆட்டத்தின் கடைசிப் புள்ளியை நடுவர் நமக்குக் கொடுத்தார். அண்ணன் மட்டையைக் கீழே வைத்தார். "பந்து கோட்டுக்கு அந்தாண்ட உழுந்துச்சு சார். கூலிக்கு ஆடுவேன், பொய்க்கு ஆடமாட்டேன்." தோற்றோம். அன்றுமுதல் அவரை நம்பினேன்.

எல்லைக் கிராமங்கள் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று விசாரணை நடந்த காலம். நகரி அருகே எங்கள் ஊர் சென்னையோடு சேரவேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். அரசுப் பள்ளி ஆசிரியன். சித்தூர் விசாரணை அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் பயம். சித்தூருக்கு ஆடப்போன அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்து, "குட்த்துட்டேன் வாத்தியாரே, நிம்மதியா தூங்கு" என்றார். ஊர் ஆந்திராவிலேயே நின்றது.

அடுத்த பருவத்தில் அவர் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்தார். முதல் கூடை எனக்கு வந்தது. வைக்கோலுக்கு அடியில் விரித்திருந்த தாளில் என் தமிழ் எழுத்து, அந்த மனுவேதான்; கீழே என்னைப் பெற்ற நைனாவின் கைநாட்டு. அண்ணனுக்குத் தெலுங்கு மட்டுமே படிக்க வரும். ஏதோ பழைய தாள் என்று போட்டிருப்பார்.

மண்டிக்குப் போய் அதை நீட்டினேன்.

"தோட்டக்காரங்க எல்லாம் ஆந்திராப் பக்கம்பா. நான் குட்த்தேன்னு தெரிஞ்சா எவன் எனக்குக் காய் போடுவான்? நீ ஏன் போவல?"

"வேலை பூடும்ணா."

"உனக்குப் பூடக்கூடாது. எனக்குப் பூடலாமா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால், முடியாது என்று அன்றே சொல்லியிருக்கலாமே, அண்ணா. வேறு ஆளைத் தேடியிருப்பேன். ஒருவேளை நானே போயிருப்பேன். தெரியவில்லை.

நைனா கண்மூடும்வரை, "நம்ம காயிதத்த படிச்சாங்களாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படித்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

அண்ணனின் இரங்கல் கூட்டத்தில் திருப்பதி ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவேன், அது உண்மை. வீட்டுப் பெட்டியில் அவர் நினைவாக இருப்பது அந்த ஒரு தாள். மாங்காய்ப்பால் கறை ரேகைமேல் படிந்து, நைனாவின் கைநாட்டு பாதிதான் தெரிகிறது.