ஏழாம் நம்பர் மலை

டயகம தோட்டத்தில் நாங்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையோரக் கல் ரோட்டில், தடித்த டயர் சைக்கிளில் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. எங்களைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்.

“ஏறி மிதிக்கத்தானேங்க சைக்கிளு?” என்று கேட்டேன்.

“எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் அக்கா. வேலை செய்றவங்க முன்னால ஏறிப்போக மனசு வராது,” என்றார். பிறகு தயங்கிக் கேட்டார். “ஏழாம் நம்பர் மலை எதுங்க? சின்னதுல செத்த என் தங்கச்சிய அங்கதான் பொதைச்சாங்களாம். கல்லு நடலை. மலையக் காட்டினாப் போதும். ஒருதடவ போய்ப் பாருன்னு அம்மா சாகுறப்ப சொன்னாங்க.”

ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். பையிலிருந்த செவ்வந்தி நசுங்கவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பை காலியாக இருந்தது. “பாத்துட்டேன் அக்கா,” என்று கும்பிட்டார். முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. புதுக்கன்று நட்ட வருஷம் மலைகளின் நம்பரையெல்லாம் மாற்றிவிட்டார்கள். அவர் அம்மா காலத்து ஏழாம் நம்பர், நாங்கள் நின்று பேசிய அதே மலை.

இப்போதும் கல் ரோட்டில் டயர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். அவர் வந்தால் சொல்வதா, வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.