கதிர் வராத மூலையும் கண் மூடாத விளக்கும்

அநியாயம் நடந்தது அஞ்சலை அக்காவின் மூன்று மா நிலத்துக்கு. செய்தது பேரூராட்சியின் ஹைமாஸ் விளக்கு, ஒரே உயரக் கம்பத்தில் ஆறு. ராத்திரி பூரா அது வயலுக்குள் வெளிச்சத்தைக் கொட்டியதில், சாலையோர மூலையில் அவர் நட்டிருந்த மாப்பிள்ளைச் சம்பா தை பிறந்தும் கதிர் விடவில்லை. மற்ற இடமெல்லாம் தலை சாய்ந்து கிடக்க, அந்த மூலை மட்டும் விசிறி விரித்த மாதிரி பச்சைப் பசேலென்று நின்றது. கடைசியில் மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், விளக்கை அணைக்கச் சொல்லும் உத்தியோகத்தில். விளக்குப் போட்டுக் கொடுப்பவருக்கு ஊரில் சால்வை போர்த்துவார்கள். அணைக்கச் சொல்லி வருபவளை, "இதுக்கெல்லாமா ஆளு போட்டிருக்காங்க?" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். தாவரவியல் முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று குடவாசல் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: வெளிவிளக்குகள் தரையைப் பார்க்க வேண்டும், வானத்தையோ அடுத்தவர் இடத்தையோ பார்க்கக் கூடாது, கடை அடைத்த பிறகு விளம்பரப் பலகை எரியக் கூடாது. இதை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நான். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கையில் மனுவோடு அலுவலக வாசலில் நின்றிருக்கிற உங்கள் எல்லோருக்கும் அது உங்கள் ஊராகவே தெரியும்.

எரிகிறது என்பதற்குக் கட்டம் இல்லை

நான் சேர்ந்தது ஆவணியில். முதல் வாரமே அஞ்சலை அக்கா வந்தார். போன வருஷக் கதையைச் சொல்லி, "இந்த வருஷமும் நட்டுட்டேன் பாப்பா. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் அந்த விளக்கு கண்ண மூடுனாப் போதும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது! சம்பாவுக்கு நீளமான இருட்டு வேண்டும், ஐப்பசியில் இரவு நீளும்போதுதான் கதிர் விடும் காலம் வந்துவிட்டது என்று பயிருக்குத் தெரியும், விளக்கு எரிந்தால் அதற்கு இரவே தெரியாது என்று நான்கு பக்கத்துக்கு மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மேலிடத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

எழுத்தர் நாகராஜன் சார் முதல் வரியில் 'விளக்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டரில் விளக்குக்கு நான்கே குறைகள்தான் உண்டு: எரியவில்லை, விட்டு விட்டு எரிகிறது, கம்பம் சாய்ந்துள்ளது, வயர் தொங்குகிறது. விளக்கு எரிவது ஒரு குறையாக அதற்குத் தெரியவில்லை. சார் 'எரியவில்லை' என்பதைத் தட்டிவிட்டார். "பொய் சார் அது!" என்றேன். "பொய் இல்லம்மா, கிட்டத்துல இருக்கறது" என்றார்.

மூன்றாம் நாள் வயர்மேன் போய் அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிகிறது. கையிலிருக்கும் தாளோ எரியவில்லை என்கிறது. எதையாவது செய்தால்தானே புகாரை முடிக்க முடியும்? ஆறு விளக்கையும் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு வெளிச்சத்தில் புதிதாக மாட்டிவிட்டார். அஞ்சலை அக்காவின் போனுக்கு, 'தங்கள் குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று தகவல் போனது. மறுநாள் காலையில் அலுவலக வாசலில் நின்று அவர் சொன்னது: "எம் பேருல இனிமே மனு எழுதாத பாப்பா. இன்னொரு மனு போச்சுன்னா கிரிக்கெட் கிரவுண்டு லைட்டக் கொண்டாந்து வயக்குள்ள நட்டுருவாங்க."

கடை எங்கே?

கடைத்தெருவில் ஜபருல்லா பாயின் ஜவுளிக்கடை முகப்பில் ஆறு ஃபோகஸ் லைட்டுகள். ஆறும் ரோட்டைப் பார்த்து. சாயங்காலமானால் சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். பாய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "நான் பதினாலு வருசம் துபாய்ல இருந்தவன்மா. அங்க பாலைவனத்துக்கே லைட்டு போட்டிருக்கான். நீங்க கடைக்குப் போடக்கூடாதுங்கறீங்க" என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். டீதான் ஆறியது.

"ஒரே ஒரு தடவை எதிர்ச்சாரியிலேர்ந்து பாருங்க பாய்" என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார். கடை திறந்த நாளிலிருந்து அவர் விளக்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவர். முன்னால் வந்து பார்த்ததே இல்லை. ரோட்டைத் தாண்டித் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார், கையை வைத்து மறைத்தார், இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா, இதுல என் கடை எங்க?"

கல்லுக்குக் காவல்

நம் ஹைமாஸ் விளக்கு யாருக்காக எரிகிறது என்று பார்க்க அக்காவோடு போனேன். அஞ்சலை அக்கா வயலுக்கு எதிரே ஒரு மனைக்கட்டு. நம்பர் போட்ட வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. வீடு ஒன்றுகூட இல்லை. நல்ல வெளிச்சத்தில் கற்கள் பத்திரமாக இருந்தன.

மனைக்கட்டு பழைய மிராசுதார் வீட்டுப் பேரனுடையது. அஞ்சலை அக்காவின் அப்பா அந்த வீட்டு வயலில் கூலிக்கு நட்டவர். பிறகு கொடி பிடித்து, அடி வாங்கி, கோர்ட்டு ஏறி, இந்த மூன்று மாவுக்குப் பட்டா வாங்கியவர். இப்போது பேரன் கார் கண்ணாடியை இறக்கி மரியாதையாகத்தான் பேசினார்: "எதுக்கு சிரமப்படறீங்க? விளையாத மூலைதானே, எங்களுக்குக் குடுத்துடுங்க." முன்பே ஒரு தடவை இப்படிக் கேட்டிருந்ததில் அக்காவின் வீட்டுக்காரருக்கும் மனசு ஆடியிருந்தது. இந்த வருஷமும் அங்கே கதிர் வராவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது. நான் கொதித்துப்போய்ச் சட்டம் பேச ஆரம்பித்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டுக் கார்க்காரரிடம் சொன்னார்: "எங்கப்பா உங்க தாத்தாவோட ஆளுங்களுக்கே பயப்படல தம்பி. நான் உங்க பல்புக்குப் பயப்படுவனா?"

தலைவருக்கு எவ்வளவு?

புரட்டாசியில் பஸ் ஸ்டாண்டின் ஒரு பக்கம் ஆளுங்கட்சியின் சாதனை விழா, மறுபக்கம் எதிர்க்கட்சித் தலைவரின் பிறந்தநாள். இரண்டு பக்கமும் சீரியல் லைட் அலங்கார வளைவு. ஒருவர் மேல் ஒருவர் என்னிடம் புகார் கொடுத்தார்கள். "அவங்க போட்டிருக்கறது ஒளி மாசும்மா" என்றார் ஆளுங்கட்சி நகரச் செயலாளர். "அப்ப நீங்க போட்டிருக்கறது?" என்றேன். "அது அலங்காரம்."

வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்று எனக்குக் கொடுத்திருந்தார்கள். நடுநிலையாக இரண்டு வளைவுக்கும் கீழே நின்று அளந்தேன். அளவு மீறினால் அபராதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அளந்தேன். ஆளுங்கட்சி வளைவில் எண் எதிர்க்கட்சியைவிடக் கொஞ்சம் குறைவாக, அளவுக்குள்ளேயே வந்தது. அபராதத்தில் தப்பித்தார்களே, ஒரு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். செயலாளர் முகம் கறுத்துவிட்டது. ஆளை விட்டு இன்னும் நான்கு சரம் கட்டச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "எங்க தலைவரு அவங்களுக்குக் கொறஞ்சவராம்மா? இப்ப அளங்க."

சுத்த சைவம்

என் சரித்திரத்தில் தீர்மானத்தைச் சொல்லாமலே கடைப்பிடித்தவர் ஒருவர் உண்டு. டிபன் கடை சீனி அண்ணன். ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் போனால், வாசல் விளக்குகள் அத்தனையும் அணைந்திருக்கின்றன. உள்ளே ஒரே ஒரு சின்ன பல்பு, அதற்கும் காகிதத்தில் குல்லா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊருக்கே நீங்க முன்மாதிரிண்ணே" என்று தொடங்கி, பூமியின் இரவைக் காப்பாற்ற வேண்டியதைப் பற்றி அவர் தோசை வார்த்து முடிக்கும்வரை பேசினேன்.

அவர் கரண்டியால் வாசலைக் காட்டினார். எதிர்க்கடை டியூப்லைட்டைச் சுற்றி வயலிலிருந்து வந்த பச்சைப்பூச்சி மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சம்பா பச்சை கட்டுகிற நாட்களில் நம் பக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், சாம்பாரில் என்னென்ன மிதக்கும் என்று. அண்ணன் தன் தலைக்கு மேலிருந்த பெயர்ப்பலகையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "பூமியெல்லாம் நீங்க பாத்துக்கங்கம்மா. லைட்டப் போட்டா நான் இதுல சுத்த சைவம்னு எழுதியிருக்கறத அழிக்கணும்."

ஏற்றத்தான் அதிகாரம்

ஐப்பசி போய், கார்த்திகையும் பாதி போய்விட்டது. நேரே செயல் அலுவலரிடம் போனேன். "சார், வயலைப் பாக்குற ரெண்டு விளக்க மட்டும் அணைச்சாப் போதும். மத்த நாலும் கல்லுக்குக் காவல் இருக்கட்டும்" என்றேன். "நெல்லு என்னம்மா, தூங்கணுமா?" என்றார். "ஆமாம் சார், தூங்கணும்." "பக்கத்து வயல்ல கதிர் வந்துருக்கே?" "அது குறுகிய கால ரகம் சார், அதுக்கு இருட்டுக் கணக்கு இல்ல. இது சம்பா." அவர் பொறுமையாகத்தான் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். நம் தீர்மானப்படியே அடுத்தவர் இடத்தைப் பார்க்கும் விளக்கு தவறு என்று அவர் கையெழுத்தையே அவருக்குக் காட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டார். தீர்மானம் கடைக்காரர்களுக்குத்தானாம்; பேரூராட்சி தனக்கே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள முடியாதாம். போதாததற்கு அந்தக் கம்பத்தில் தொகுதி உறுப்பினரின் பெயர்ப்பலகை வேறு இருக்கிறது. கதவுவரை வந்து வழியனுப்பியபோது சொன்னார்: "விளக்கு ஏத்தத்தாம்மா எனக்கு அதிகாரம் இருக்கு. அணைக்கறதுக்கு எந்த ஜி.ஓ.வும் இல்ல."

வெறும் புல்

வாதத்தில் நான் தோற்று உட்கார்ந்திருந்த மறுநாள், அஞ்சலை அக்கா இரண்டு நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒன்று வயலின் உள்பக்கத்தில் எடுத்தது, ஒன்று விளக்கடியில் எடுத்தது. என்னிடம் வரவில்லை. நாகராஜன் சாரின் ரிஜிஸ்டர் மேல் சேறு சொட்டச் சொட்ட வைத்தார். சார் திட்டத்தான் வாயெடுத்தார்; கை மட்டும் தன்னால் போய் முதல் பயிரின் தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்தக் கை போகாமல் இருக்காது. பொதி திரண்டிருந்தது, உள்ளே கதிர் இருக்கிறது. இரண்டாவதை அழுத்தினார். மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வந்தார். "வெறும் புல்லு" என்றார். என் நான்கு பக்கம் செய்யாததை இரண்டு தண்டு செய்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சார் வேறொரு ரிஜிஸ்டரை எடுத்தார். 'வயல் பக்க விளக்குகள் இரண்டு, பழுது நீக்கக் கழற்றி அனுப்பப்பட்டன' என்று எழுதினார். "பழுதே இல்லையே சார், பொய்தானே?" என்று எழுந்தவள், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தரையைப் பார்க்காத விளக்கு தீர்மானப்படி பழுதான விளக்குதானே! "நீயே ஒத்துக்கிட்டா சரி" என்றார். "ஆனா ரிப்பேர் சீக்கிரம் முடிஞ்சு வந்துட்டா?" என்று கேட்டேன். அவர் பேனாவால் தலைக்கு மேலே காட்டினார். அங்கே ஒரு கொக்கி மட்டும் தொங்கியது. "அதுல இருந்த ஃபேன் போன சித்திரைல ரிப்பேருக்குப் போச்சு. மாசி வரைக்கும் போதுமான்னு உங்க அக்காவக் கேளு."

பதில்

மற்ற இடத்தை அக்கா தையில் அறுத்தார். அந்த மூலை மார்கழிக் கடைசியில்தான் கதிர்ப் பூட்டை விட்டது. ஆனால் விட்டது. மாசியில் தனியாக அறுத்தோம். நானும் இரண்டு பிடி அறுத்து, விரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டேன். அக்காவின் வீட்டுக்காரர் கதிர்க்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே நின்ற வெள்ளைக் கற்களைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். மூலையைக் கொடுத்துவிடும் பேச்சு அதோடு நின்றது.

அன்றைக்குத்தான் ஆவணியில் மேலிடத்துக்கு அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்தது. வரப்பில் நின்று உரக்கப் படித்தேன்: "கள ஆய்வில் மேற்படி விளக்குகள் எரியவில்லை எனத் தெரியவருவதால், அவை அதிக வெளிச்சம் தருவதாகக் கூறும் தங்கள் மனு ஆதாரமற்றது எனத் தள்ளுபடி செய்யப்படுகிறது." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேல்முறையீடு செய்யலாம், நியாயத்தை எழுத்தில் வாங்காமல் விடக்கூடாது என்று குதித்தேன். அக்கா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "எழுது பாப்பா, நல்லா எழுது. ஆனா நாலு பக்கம் வேணாம், ஒரு வரி போதும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, அவர் கையெழுத்திட்டு அனுப்பிய பதில் இதுதான்: "ஐயா, மேற்படி விளக்குகள் எரியாத குறையைத் தயவுசெய்து நிவர்த்தி செய்துவிட வேண்டாம்."