செல்லுபடியாகும் நாடுகள்

ஊரில் உள்ளவர்களையெல்லாம் உலகம் சுற்ற அனுப்பிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஆளுக்குக் காத்திருப்பதற்குப் பெயர்தான் டிராவல்ஸ் ஆபீஸ் வேலை. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை விரித்துப் போட்டே காலம் தள்ளுகிறவர்கள், நாள் பூராவும் நெய் ரோஸ்ட் சப்ளை செய்துவிட்டுப் பின்கட்டில் ஆறிப்போன சாம்பாரில் சோறு பிசைகிறவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி ஆபீசில். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் சேர்ந்ததற்கு ஒரே காரணம், இலவச டிக்கெட். நிறைய விற்கிற ஆபீசுக்கு விமானக் கம்பெனிக்காரர்கள் எப்போதாவது ஒரு டிக்கெட் சும்மா கொடுப்பார்கள். விற்கிறவன் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நாலு பேருக்கு நன்றாக எடுத்துச் சொல்வான் என்பது அவர்கள் எண்ணம். அந்த டிக்கெட்டில் ஒரே ஒரு தடவை கடல் தாண்டிவிட வேண்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே இருந்தேன். வீடு வாசல், நகை நட்டு என்று வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. இது சத்தியம்.

பனிமலைக்கு என்ன போட்டுக்கொள்வது?

என் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஸ்விட்சர்லாந்துப் படம். பனிமலை, ஏரி, சிவப்பு ரயில். மின்விசிறி அனல் காற்றாகத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பங்குனி மத்தியானம், மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் ஒருவர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். மகன் லண்டனில் டாக்டராம். அவனைப் பார்த்துவிட்டு வருகிற வழியில் நாலு இடம் பார்க்கலாமென்று நினைக்கிறோம், எதைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

விட்டேனா நான்? மலை உச்சிக்கு ஏறுகிற ரயிலில் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார வேண்டும், பாரிஸ் கோபுரத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, ரோமில் எந்தத் தெருவில் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாம் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய புத்தகங்களைப் படித்து மனப்பாடம் செய்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். பணம் கட்ட எழுந்த ரைஸ்மில்காரர், மறுபடியும் சுவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

“எல்லாம் சரிங்க சார், நீங்க போனப்ப குளிருக்கு உள்ளாற என்ன போட்டுக்கிட்டீங்க?”

மாமி பார்த்த அமெரிக்கா

ஸ்வெட்டர் என்று சொன்னேன். வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எந்தப் பார்ட்டி கேட்டாலும் போயிருக்கிறேன் என்றே சொல்லப் பழகிவிட்டேன். போகாதவன் சொல்கிறான் என்று தெரிந்தால் எழுந்து அடுத்த ஆபீசுக்குப் போய்விடுவார்கள்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போக வேண்டும். துணைக்கு ஆள் கிடையாது. லண்டனில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும் என்றதும் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, இறங்குகிற இடம், படிக்கட்டு, பஸ், ஏறுகிற வாசல் என்று படம் போட்டுக் கொடுத்தேன். கூடவே நயாகரா அருவியை விட்டுவிடாதீர்கள் என்று அதற்கும் ஒரு தாள் எழுதினேன். எப்படிப் போவது, எங்கே நின்று பார்த்தால் சாரல் மேலே அடிக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பைத்தியக்காரத்தனம்தான்.

ஏழெட்டு மாசம் கழித்து மாமி முறுக்கு டப்பாவோடு வந்தார். நான் போட்ட படத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாராம். வாசல் எல்லாம் நான் சொன்ன இடத்திலேயே இருந்ததாம். அது கிடக்கட்டும், அருவி பார்த்தீர்களா என்று கேட்டேன். மகளும் மாப்பிள்ளையும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்களாம். குழந்தையைக் குளிப்பாட்டி, மூன்று வேளையும் தளிகை உள்ளே நின்று சமைத்து, பாத்திரம் தேய்த்து, வீட்டை விட்டு இறங்கியதே நாலு தடவைதானாம். அருவி பற்றி எழுதிய தாளை மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. மாமிமேல் இல்லை. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“அமெரிக்காவுல என்னத்தைப் பாத்தேன் போங்கோ, தளிகை உள்ளத்தான் தெனம் சேவிச்சேன்.”

மச்சானும் பாங்காக்கும்

மூன்றாவது வருஷம் முதல் இலவச டிக்கெட் வந்தது. பாங்காக், நாலு நாள், தங்குகிற இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆபீசில் டிக்கெட் விற்கிறவன் நான் ஒருவன்தான். முதலாளி மேல்மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஸ்டெல்லா என்று ஒரு டைப்பிஸ்ட் உண்டு, அவ்வளவுதான். ஆகவே எனக்குத்தான் என்று இருந்தேன். முதலாளி தன் மச்சானை அனுப்பினார். மச்சான் உறையூரில் நூல் கடை வைத்திருந்தார். எங்கள் ஆபீசுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது, சம்பந்தம் இருக்கிறபடியால்தானே மச்சான்.

அது போதாதென்று, மச்சான் திரும்பி வந்ததும் பாங்காக் பற்றி ஒரு நோட்டீஸ் தயார் செய்யச் சொன்னார் முதலாளி. பார்த்தவர் சொல்வாராம், நான் எழுத வேண்டுமாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மச்சான் எதிரில் உட்கார்ந்தேன். ஆற்றில் படகிலேயே காய்கறிக் கடை நடக்குமாமே, போனீர்களா? போகவில்லை. படுத்த கோலத்தில் பெரிய புத்தர் இருப்பாரே? கேள்விப்படவில்லை. கோயில்? பூட்டியிருந்திருக்கும் என்றார். ரூமில் ஏசி ஜில்லென்று இருந்ததாம், நன்றாகத் தூக்கம் வந்ததாம். இருந்தாலும் நாலு நாளில் கண்ணில் பட்டது ஏதாவது இருக்குமே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்.

“நம்ம காந்தி மார்க்கெட்டு மாதிரிதான் சார், கொஞ்சம் பெரிசு.”

ஒரு நாடு குறைச்சல்

நோட்டீஸ் நான்தான் எழுதினேன், புத்தகத்தைப் பார்த்து. அதைப் படித்துவிட்டுப் பதினோரு பேர் பாங்காக் போனார்கள். முதலாளிக்கே மனசு இளகியதோ என்னவோ, அடுத்த டிக்கெட் உங்களுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னபடி அடுத்த வருஷம் சிங்கப்பூர் டிக்கெட் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார். வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து விமானம், ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. கையில் இருந்தது ஒரு வாரம். அன்று சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தேன், கால் வலி தெரியவில்லை. என் மனைவி கமலா அழுதேவிட்டாள். மறுநாளே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மடக்குக் குடை, நகவெட்டி, தலைவலித் தைலம் என்று ஆளுக்கொன்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தக் காலத்து பாஸ்போர்ட்டில், எந்தெந்த நாட்டுக்குச் செல்லுபடியாகும் என்று நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். நாம் கேட்ட நாடுதான் இருக்கும். பட்டியலில் இல்லாத நாட்டுக்குப் போக முடியாது. என்னிடம் விண்ணப்பப் பாரம் நிரப்ப வருகிறவர்களிடம், எதற்கும் நாலு நாடு கூடவே எழுதுங்கள், நாளைக்கு உதவும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கென்று எழுதும்போது மட்டும் புத்தி எங்கே போயிற்று? பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் என்று முத்து முத்தாக எழுதியிருந்தேன். சிங்கப்பூரையும் சிலோனையும் எழுதவில்லை. மறந்ததனால் இல்லை. அதெல்லாம் என் பார்ட்டிகள் மூட்டையும் முடிச்சுமாகத் தினம் போகிற ஊர், எனக்கெதற்கு என்று ஒரு திமிர். சிங்கப்பூர் எங்கள் ஆபீசில் ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த ஸ்டாப்பிங் மாதிரி.

டிக்கெட்டுக்கு விவரம் டைப் அடிக்க என் பாஸ்போர்ட்டை வாங்கிய ஸ்டெல்லா, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். பிறகு மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“எல்லா நாடும் இருக்கு சார், போற நாட்டத் தவிர.”

புதன்கிழமை நாலு மணி

மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் அந்த ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு, அப்படியே விமானம் ஏறிவிடலாம் என்று முடிவாயிற்று. டிக்கெட் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்திருந்தது. போகிறவர் பெயரைக் கம்பெனிக்கு முதலாளி சொல்ல வேண்டும். பெயர் சேர்ந்ததும் புதன்கிழமைக்குள் போன் பண்ணுங்கள் என்றார். பெட்டியோடு கிளம்பினேன். கமலா ஆரத்தி எடுத்தாள். தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

திருவல்லிக்கேணியில் மூன்றாம் மாடியில் ஒரு லாட்ஜ் ரூம். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்று மனு கொடுத்தேன். புதன் சாயங்காலம் வாருங்கள் என்றார் ஜன்னலில் இருந்தவர். விதி அது, அவர்மேல் குற்றமில்லை. புதன் மூன்றரை மணிக்கு பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கடைசி வரியில் சிங்கப்பூர், பக்கத்தில் முத்திரை. தபால் ஆபீசுக்கு ஓடி ட்ரங்க் கால் போட்டு, நாலு மணிக்கு முதலாளியைப் பிடித்தேன். கிடைத்துவிட்டது என்று கத்தினேன். அப்புறம்தான் முதலாளி விஷயத்தைச் சொன்னார். முன்கூட்டியே செய்த ஏற்பாடா, நிஜமாகவே தவறிப்போனதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

“பன்னெண்டு மணிக்குள்ள பேர் சொல்லணும்னுட்டாங்க, உங்க போனைக் காணோம், மச்சான் மத்தியான வண்டியில ஏறிட்டாரு, நீங்க அந்த முத்திரையப் பத்திரமா வச்சுக்குங்க.”

நான் சொன்ன சிங்கப்பூர்

அடுத்த வண்டியில் திரும்பியிருக்க வேண்டும். மானமுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் ஆரத்தி எடுத்து அனுப்பிய வாசலில், பெட்டியோடு மூன்றாம் நாளே போய் இறங்குகிற தைரியம் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை லாட்ஜிலேயே இருந்தேன். பகலெல்லாம் மெரினாவில் உட்கார்ந்து கப்பல் போவதைப் பார்த்தேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற பர்மா பஜாரில் குடை, நகவெட்டி, தைலம் எல்லாம் பட்டியல்படி வாங்கினேன். திங்கட்கிழமை ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். கமலாவிடமும் சிங்கப்பூர் என்றுதான் சொன்னேன். கட்டினவளிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் தெரு பூராவும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆரம்பத்தில் வாங்கி வந்த சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பிறகு பேச வந்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் நிற்கிற அழகு, குப்பை இல்லாத ரோடு, மாரியம்மன் கோயில் கோபுரம், மழை பெய்து ஓய்ந்ததும் மரங்களிலிருந்து வருகிற வாசனை என்று ஒரு மணி நேரம் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாததைக்கூடச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. கமலா எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு, மத்தியானம் துவைக்க எடுத்த சட்டையின் பையில் இருந்ததை என் எதிரில் வைத்தாள். திருவல்லிக்கேணி லாட்ஜ் ரசீது, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளுக்கு. எனக்குத் தலை நிமிரவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நெஜமாவே போயிட்டு வந்திருந்தா, நீங்க இவ்வளவு நல்லா சொல்லியிருக்க மாட்டீங்க.”

எண்பதுகளின் கடைசியில் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் எத்தனையோ பேரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்த நான், வெளிநாடு என்று போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தது திருவல்லிக்கேணி மூன்றாம் மாடி ஒன்றில்தான்.