“நீங்க அனுப்பல, நானே போறேன்” என்றார் அம்மா

எங்கள் அம்மா கண்மூடி ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அம்மாவின் கடைசிக் காலம் முதியோர் இல்லத்தில் கழிந்ததை நீங்கள் அறிவீர்கள். அது எப்படி நேர்ந்தது என்பதை அவருடைய மகனாகிய நானே சொல்வதுதான் முறை.

பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்து, மணமாகி இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர் அம்மா. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, நானும் அக்காவும் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே சரக்கு மூட்டைகள் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஊருக்கே திரும்பிவிடச் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. நம் தமிழர் நிறைந்த தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்து, ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். எழ முடியாத நோயாளிகளைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைப்பார். சேலையில் பினாயில் வாடையோடு வந்துதான் எங்களுக்குச் சோறு போடுவார். அக்காவைப் பாலத்துக்கு அப்பால் ஜொகூரில் கட்டிக்கொடுத்தார். என்னை ஆசிரியராக்கினார்.

குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடிபோன பிறகு அம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. நான் பள்ளிக்குப் போனபின் என் மனைவி கமலா ஒருத்தியே அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவாள். அப்போது அவள் கர்ப்பிணி. ஒருநாள் குளியலறையில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். கமலாவுக்கு உதிரம் கண்டது. குழந்தை தங்கியது தெய்வச் செயல்.

கன்னிகாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று உண்டென்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு ஓடிவந்த அக்கா கொதித்தார்.

“பெத்த தாயை ஹோம்ல விடுறதா? தேக்கா பக்கம் தலைகாட்ட முடியுமா, தம்பி? அதுவும் வேதக்காரங்ககிட்ட!”

கட்டிலிலிருந்து அம்மாதான் குழறலாகப் பேசினார்.

“என்னை வச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசுறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? வார்டுல ஒரு ஆளைப் புரட்ட ரெண்டு பேரு நிப்போம். இவ வயித்துப் புள்ளையோட ஒத்தையா தூக்குறா. இனிமே தூக்கக் கூடாது.”

“அம்மா, ஊரு என்ன சொல்லும்?” என்று அழுதார் அக்கா.

“நீங்க அனுப்பல, நானே போறேன். கேக்குறவங்ககிட்ட அப்படியே சொல்லு.”

நெற்றியில் திருநீற்றோடு அம்மா போனார். அதை அங்கே யாரும் அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். அண்ணி என்பதுபோல் சீனத்தில் ‘ஆ சோ’ என்று அழைப்பார் அம்மா. அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. இருவரும் பாசார் மலாய் என்ற கடைத்தெரு மலாயில் நாளெல்லாம் பேசிக்கொள்வார்கள். அம்மா சாப்பிடாமல் ஆ சோ சாப்பிடமாட்டார். பேத்தி பிறந்ததும் கொண்டுபோய்க் காட்டினோம். அம்மா இடக்கையால் அணைத்துக்கொண்டு, முதலில் ஆ சோவிடம்தான் காட்டினார்.

அந்தத் தீபாவளிக்கு டாக்சியில் அழைத்துவந்தோம். கீழ்வீட்டு மலாய்க்காரச் சகோதரர்கள் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் மகிழ்ந்திருந்தார். பொழுது சாய்ந்ததும், “நேரமாச்சு தம்பி, வீட்டுக்குப் போவோம். ஆ சோ சாப்பிடாம உக்காந்திருக்கும்லா” என்றார்.

எந்த வீட்டை வீடென்றார் என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அக்கா அடுக்களைக்குப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவருக்கும் பலகாரம் கட்டி எடுத்துவந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சைக் கட்டியது. அக்காவின் கையைப் பிடித்தபடி, விடியற்காலையில் அம்மா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவைத் தம் தாயைப்போல் பார்த்துக்கொண்ட இல்லத்துக் கன்னிகாஸ்திரீகளுக்கும், நாற்காலி சுமந்த அண்டைவீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஆ சோவுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் அவருக்குரிய நன்றியை நேரில்தான் சொல்கிறோம். ஞாயிறுதோறும் பாலம் கடந்து வந்து, அவர் பக்கத்தில் அமர்ந்து அக்காவும் சாப்பிடுகிறார்.